இந்தப் பருந்துக்குப் பிறந்த ஊர் எது?

ஐப்பசி மழை ஓய்ந்து தரை இறுகத் தொடங்கியதும் மதுரைச் சமவெளிக்கு ஒரு பருந்து வந்து சேரும். ஒத்தக்கடையில் ஆனைமலையின் அடிவாரத்து வயல்களும், மேலூர்ப் பக்கம் நீளும் தரிசுகளும், தெற்கே திருமங்கலம் வரை விரியும் கரிசலும் அதற்கு ஏற்ற இடம். மற்றப் பருந்துகள் வானத்தில் வட்டமடிக்கும். இது தரையோடு தரையாக வரும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இறக்கைகளை இலேசாக மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, வரப்பின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப உடலைச் சாய்த்துச் சாய்த்து மிதந்துகொண்டே போகும். சட்டென்று நிற்கும், திரும்பும், காலை நீட்டிப் புல்லுக்குள் விழும். எழும்பும்போது நகத்தில் ஒரு வெட்டுக்கிளி இருக்கும், அல்லது ஓணான்.

இதன் பெயர் பூனைப்பருந்து. முகத்தைத் தொலைநோக்கியில் பார்த்தால் பருந்து முகமாகவே தோன்றாது. ஆந்தைக்கு இருப்பதுபோல முகத்தைச் சுற்றி இறகுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். அந்த வட்டம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும். புல்லுக்குள் எலி ஓடும் சலசலப்பைக் கேட்டே இரையின் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பறவை இது. தாழப் பறப்பதும் மெதுவாகப் பறப்பதும் அதற்காகத்தான்.

நம் பக்கம் பெரும்பாலும் மூன்று வகை வருகின்றன. கண்மாய்க்குள் சம்பும் கோரையும் மண்டிய இடத்தில் திரிவது சேற்றுப் பூனைப்பருந்து. வயலிலும் தரிசிலும் திரிபவை மோன்டகு பூனைப்பருந்து, வெளிர் பூனைப்பருந்து என்ற இரண்டு. இந்த இரண்டின் ஆண்களும் சாம்பல் நிறம். மோன்டகுவின் இறக்கையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடும். வெளிர் பூனைப்பருந்துக்குக் கோடு கிடையாது, இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு ஆப்பு வைத்ததுபோல இருக்கும். பெண்கள் பழுப்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை. மின்கம்பியில் உட்காரும், நடுவானில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் சின்ன சாம்பல் பருந்தைப் பார்த்து இதுவென்று நினைத்துவிடக் கூடாது. அது கருந்தோள் பருந்து, உள்ளூர்க்காரர். பூனைப்பருந்துகளோ புரட்டாசி, ஐப்பசியில் நாட்டுக்குள் வந்து பங்குனி, சித்திரையில் போய்விடுபவை.

எங்கே போகின்றன? பறவை நூல்களைத் திறந்தால் "மத்திய ஆசியப் புல்வெளிகள்" என்று பதில் இருக்கும். தவறில்லை. ஆனால் அந்தப் புல்வெளி கருங்கடலுக்கு வடக்கிலிருந்து கஜகஸ்தான், தெற்கு ரஷ்யா வழியாக மங்கோலியா வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதில் எந்த மூலையில் கூடு கட்டிய பறவை ஒத்தக்கடைத் தரிசுக்கு வருகிறது? பக்கத்துக் கூட்டில் பிறந்ததும் இங்கேதான் வருமா, அல்லது அது ராஜஸ்தானிலோ ஆப்பிரிக்காவிலோ நின்றுவிடுமா? ஒரு பறவையினத்தின் இனப்பெருக்க இடத்தையும் குளிர்கால இடத்தையும் வட்டாரத்துக்கு வட்டாரம் பொருத்திப் பார்க்கும் இந்தக் கேள்விதான் இன்றைய வலசை ஆய்வின் மையம். இதற்குப் பதில் தெரியாமல் வலசைப் பறவையைக் காப்பாற்றுவதாகச் சொல்வதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை ஓர் அமெரிக்கப் பருந்தின் கதையிலிருந்து சொல்கிறேன்.

வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் கூடு கட்டும் ஸ்வைன்சன் பருந்து, குளிர்காலத்தில் தென் அமெரிக்காவுக்குப் போகும். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் வடக்கே பட் பள்ளத்தாக்கில் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்த பிரையன் வுட்பிரிட்ஜ் என்ற உயிரியலாளர் ஒன்றைக் கவனித்தார். கூடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, குஞ்சுகளும் நன்றாகப் பொரிக்கின்றன, ஆனால் போன பறவைகளில் திரும்பி வருபவை குறைந்துகொண்டே இருக்கின்றன. கலிபோர்னியாவில் என்னதான் தேடினாலும் இதற்கு விடை கிடைக்காது. 1994இல் சில பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி அனுப்பினார்கள். சமிக்ஞை அர்ஜென்டினாவின் லா பாம்பா மாகாணத்தில் போய் நின்றது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே போனவர்கள் பண்ணைகளில் கண்டது நூற்றுக்கணக்கான பருந்துகளின் பிணங்கள். அடுத்த பருவத்தில், 1996 ஜனவரியில் போனபோது செத்துக் கிடந்தவை ஆயிரக்கணக்கில். அந்த ஒரு பருவத்தில் மட்டும் சுமார் 20,000 பருந்துகள் மடிந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

கொன்றது மோனோகுரோட்டோபாஸ். பருத்தி போட்ட விவசாயி யாருக்கும் இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சூரியகாந்தியிலும் குதிரைமசாலிலும் வெட்டுக்கிளி விழுந்ததால் அங்கே அதைத் தெளித்தார்கள். வெட்டுக்கிளி தின்ன வந்த பருந்துகள் மருந்து நனைந்த பூச்சியைத் தின்றும், நேரடியாகத் தெளிப்பில் நனைந்தும் விழுந்தன. இடம் தெரிந்த பிறகு காரியம் வேகமாக நடந்தது. தயாரித்த நிறுவனம் அந்தப் பகுதியிலிருந்து மருந்தைத் திரும்பப் பெற்றது, அர்ஜென்டினா அரசு கட்டுப்பாடு விதித்தது, விவசாயிகளிடம் போய்ப் பேசினார்கள், பெருஞ்சாவு நின்றது. கூடு கட்டும் இடத்தையும் குளிர்கால இடத்தையும் இணைத்த அந்த ஒரு கோடு இல்லாமல் இருந்திருந்தால், கலிபோர்னியாவில் கூட்டை எண்ணிக்கொண்டே அந்தப் பருந்தை இழந்திருப்பார்கள்.

இந்தியாவில் இதே மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்குத் தெளிக்க 2005இல் தடை வந்தது. மற்றப் பயிர்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் புழங்கியது. நம் தரிசில் இறங்கும் பூனைப்பருந்துக்கும் வெட்டுக்கிளிதான் முக்கியமான தீனி. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தாலே இந்தக் கட்டுரை ஏன் எழுதப்படுகிறது என்பது விளங்கும்.

இணைப்பு என்று சொல்வதிலும் இரண்டு விதம் உண்டு. ஒரு வட்டாரத்தில் பிறந்தவை எல்லாம் கூட்டமாக ஒரே குளிர்கால வட்டாரத்துக்குப் போனால் அது இறுக்கமான இணைப்பு. பல வட்டாரத்துப் பறவைகள் ஒரே இடத்தில் கலந்து குளிர்காலம் கழித்தால் அது தளர்வான இணைப்பு. வேறுபாடு ஏட்டுப் பாடம் அல்ல. மதுரைச் சமவெளிக்கு வரும் பூனைப்பருந்துகள் எங்கெங்கிருந்தோ கலந்து வருபவையாக இருந்தால், இங்கே ஒரு தரிசு அழியும்போது அந்த நட்டம் பல புல்வெளிகளுக்குப் பங்காகப் பிரிந்து போகும். எங்கும் பெரிதாகத் தெரியாது. எல்லாம் ஒரே மாவட்டத்துப் பறவைகளாக இருந்தால், இங்கே நாம் செய்யும் ஒரு காரியத்தால் கஜகஸ்தானின் ஒரு மாவட்டத்து வானம் வெறுமையாகிவிடும். அங்கே இருப்பவர்களுக்குக் காரணமே புரியாது.

மோன்டகு பூனைப்பருந்தில் ஐரோப்பியர்கள் இதைத் துல்லியமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்குள்ள கோதுமை வயல்களில் கூடு கட்டும் பறவைகளில் தொடங்கி, பல நாட்டுப் பறவைகளுக்கும் கருவி பொருத்தித் தொடர்ந்தார்கள். ஐரோப்பியப் பறவைகள் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகெல் வறள்நிலத்துக்குப் போகின்றன. மேற்கில் பிறந்தவை அதன் மேற்குப் பகுதிக்கும், கிழக்கில் பிறந்தவை அதற்குக் கிழக்கேயும். நடுவில் கொஞ்சம் கலப்பு உண்டு. 2014இல் அந்த முடிவு வெளியானது. அதே இனத்தின் மத்திய ஆசியக் கிளை ஆப்பிரிக்காவைப் பாராமல் இந்தியாவுக்குத் திரும்புகிறது. ஓர் இனம், இரண்டு கண்டங்களில் குளிர்காலம். நெதர்லாந்துக்காரர் காப்பாற்றும் கூடு நமக்கு வரும் பறவையின் கூடு அல்ல. நமக்கு வரும் பறவையின் கூட்டைக் காக்க வேறு ஆள் வேண்டும், அந்த ஆள் யார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழிகளில் மிகப் பழையது கால்வளையம். 1899இல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா குடும்பத்துப் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டிவிட்டார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959இல் சாலிம் அலியின் தலைமையில் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. நம் கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்று. அங்கே வளையமிட்ட கடற்கரைப் பறவைகள் சைபீரியா வரை தொட்டுக் காட்டின. ஆனால் வேட்டைப் பறவைகளுக்கு வளையம் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. அவை எண்ணிக்கையில் குறைவு, பிடிப்பது கடினம், செத்தால் யாரும் இல்லாத வெளியில் சாகும். வளையத்தைப் பார்ப்பதற்கு ஒரு மனிதக் கண் வேண்டும், பார்த்தவர் எழுதிப்போட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடப்பது அபூர்வம்.

செயற்கைக்கோள் கருவி அந்தக் குறையைப் போக்கியது. இந்தியாவில் அதன் முழு வலிமையையும் காட்டியது அமூர் வல்லூறு. கிழக்கு ரஷ்யா, வடகிழக்குச் சீனா, மங்கோலியாவில் இனப்பெருக்கம் செய்து, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் குளிர்காலம் கழிக்கும் இந்தச் சின்ன வல்லூறு புறாவைவிடச் சிறியது. நடுவழியில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் இறங்கும். 2012இல் அங்கே வலை விரித்து இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்ற மதிப்பீடு வெளிவந்து உலகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே பங்தி கிராமத்தாரும் தேவாலயங்களும் வனத்துறையும் கூடிப் பேசி வேட்டையை நிறுத்தினார்கள். அதே 2013 நவம்பரில் இந்திய வனஉயிர் நிறுவன அறிவியலாளர்கள் மூன்று வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பங்தி என்று அந்த மண்ணின் பெயர்களையே வைத்தார்கள். அவற்றில் நாகாவும் பங்தியும் இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலை நிற்காமல் தாண்டி, ஆப்பிரிக்காவின் தெற்கு வரை போய், வடக்கே கூடு கட்டும் நாட்டுக்கும் போய், 2014இல் மறுபடி தோயாங்குக்கே வந்தன. வலையைச் சுருட்டி வைத்த கிராமத்தின் பெயரைச் சுமந்த பறவை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்ததைக் காட்டிலும் அந்த ஊராருக்குப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

இதைவிட நம் கண்ணுக்குப் பழகிய பறவையிலும் இப்படி ஒரு வியப்பு இருக்கிறது. கள்ளப்பருந்து, குப்பை மேட்டில் சுற்றும் அதே பருந்து. டெல்லி காசிப்பூர் குப்பைக் கிடங்கில் குளிர்காலத்தில் கூடும் கருஞ்செவிக் கள்ளப்பருந்துகள் 19க்கு நிஷாந்த் குமார், ஊர்வி குப்தா குழுவினர் கருவி பொருத்தினார்கள். அவை இமயத்தையும் காரகோரத்தையும் 6,000 மீட்டர் உயரத்தில் நேராகத் தாண்டி கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா, சீனா வரை விரிந்து கிடக்கும் நிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2020இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரே குப்பை மேட்டில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவை கோடையில் நான்கு நாட்டுக்குப் பிரிந்து போகின்றன. தளர்வான இணைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கருவிக்கு ஒரு வரம்பு உண்டு. பறவையின் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் சுமக்க வைக்கக் கூடாது. கால் கிலோ எடையுள்ள ஆண் மோன்டகுவுக்கு அது 10 கிராம் பக்கம்தான். விலையும் அதிகம். ஆகவே நூறு பறவைக்குக் கட்டி அனுப்ப முடியாது. அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி அது, ஏனென்றால் பறவை தன் பிறந்த ஊரைத் தானே சுமந்துகொண்டு வருகிறது என்று அது காட்டுகிறது.

மழைநீரில் இருக்கும் ஹைட்ரஜன் எல்லாம் ஒரே எடை இல்லை. மிகச் சிறு பங்கு டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன். மேகம் கடலிலிருந்து உள்நாட்டுக்கும், வெப்பப் பகுதியிலிருந்து வடக்கேயும் நகரும்போது கனமான நீர் முதலில் மழையாகக் கொட்டிவிடும். மிச்ச மேகத்தில் கன ஹைட்ரஜன் குறைந்துகொண்டே போகும். ஆகவே வடக்கே போகப் போக, கடலைவிட்டு விலக விலக, மழையில் அதன் பங்கு குறைவு. அந்த மழையைப் புல் குடிக்கிறது, புல்லை எலியும் வெட்டுக்கிளியும் தின்கின்றன, அவற்றைப் பருந்துக் குஞ்சு தின்கிறது. குஞ்சின் இறகு முளைக்கும்போது அந்த விகிதம் இறகின் கெரட்டினில் பதிந்துவிடும். இறகு முழுதாக வளர்ந்தபின் அது உயிரற்ற பொருள். நம் நகம்போல ரத்த ஓட்டம் கிடையாது. மதுரையில் நான்கு மாதம் இருந்து நம் கண்மாய்த் தண்ணீரைக் குடித்தாலும் அந்தப் பதிவு மாறாது.

இதில் பூனைப்பருந்துக் குஞ்சுகள் ஆய்வாளருக்குப் பெரும் உதவி. முதல் குளிர்காலத்தில் வரும் இளம் மோன்டகுவுக்கும் வெளிர் பூனைப்பருந்துக்கும் வயிற்றுப் பக்கம் கோடு எதுவும் இல்லாமல் ஒரே செம்பழுப்பாக, காய்ச்சிய பனைவெல்லத்தின் நிறத்தில் இருக்கும். வெயில் படும்போது கண்ணைப் பறிக்கும். அந்த நிறத்தைப் பார்த்தால், அதன் மேலிருக்கும் இறகுகள் ஏறக்குறைய எல்லாமே கூட்டில் முளைத்தவை என்று கொள்ளலாம். அது அடைந்த இடத்தில் உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகின் துணுக்கு ஆய்வகத்துக்குப் போனால், அது எந்த மழைப் பட்டையில் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். முதிர்ந்த பறவைகள் இறகு உதிர்ப்பதைக் கோடையில் தொடங்கி, வலசைக்காக நிறுத்தி, குளிர்கால இடத்தில் மிச்சத்தை முடிப்பவை. அவற்றில் எந்த இறகு அங்கே முளைத்தது, எது இங்கே முளைத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. வடக்கா தெற்கா என்று அது நன்றாகச் சொல்லும், கிழக்கா மேற்கா என்று தடுமாறும். அதனால்தான் கருவித் தடத்தோடும் மரபணுவோடும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள்.

மரபணு என்றதும் ஆனைமலையைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே, அரிட்டாபட்டிக்குப் போக வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர், சுமார் 250 வகைப் பறவைகள். அறிவிப்பிலேயே லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளின் பெயர் இருக்கிறது. ஷாஹீன் என்பது பொரி வல்லூறின் நம் நாட்டு உள்ளினம். கறுத்த தலை, செம்பழுப்பு வயிறு, குடைவான பாறை விளிம்பில் முட்டையிடும், ஊரைவிட்டுப் போகாது. அதே பொரி வல்லூறின் வடதுருவ உள்ளினம் ஒன்று ரஷ்யாவின் பனிவெளியில் கூடு கட்டிக் குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும். வெளுத்த மார்பு, வயிற்றில் குறுக்குக் கோடுகள். இனம் ஒன்றுதான். ஒன்று பிறந்த பாறையைவிட்டு நகராதது. மற்றது பல ஆயிரம் கிலோமீட்டர் பறப்பது.

அந்தத் துருவ வல்லூறுகளைத்தான் சீன அறிவியல் கழகத்தின் ஷியாங்ஜியாங் ஜானும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புரூஃபோர்டும் தங்கள் குழுவோடு ஆராய்ந்தார்கள். ரஷ்யத் துருவக் கரையின் ஆறு இனப்பெருக்க இடங்களைச் சேர்ந்த 56 வல்லூறுகளைச் செயற்கைக்கோள் வழியே தொடர்ந்ததில் ஐந்து தனித்தனி வலசைப் பாதைகள் தெரிந்தன. மேற்கில் பிறந்தவை குறைந்த தூரம், கிழக்கில் பிறந்தவை நெடுந்தூரம். மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோது, நெடுந்தூரம் போகும் கூட்டங்களில் நீண்டகால நினைவோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் தனி வடிவம் மேலோங்கியிருப்பதைக் கண்டார்கள். 2021இல் நேச்சர் இதழில் அது வெளியானது. பாதை பறவையின் பழக்கத்தில் மட்டும் இல்லை, ரத்தத்திலும் ஓரளவு எழுதியிருக்கிறது. ஆகவே ஒரு பாதை அழிந்தால் இன்னொரு கூட்டம் வந்து அதை நிரப்பும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பூனைப்பருந்துக்கு வருகிறேன். பகலில் தனித்தனியாகத் திரியும் இவை அந்தி சாயும்போது ஓரிடத்தில் கூடி அடையும். மரத்தில் அல்ல, முழங்கால் உயரப் புல்லுக்குள், தரையில். ஒவ்வொன்றும் தனக்கென்று கொஞ்சம் புல்லை மிதித்துச் சமன் செய்து உட்காரும். விடிந்து அவை போன பிறகு அந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். செரிக்காததை வாய்வழியே துப்பிய உமிழ் உருண்டைகள். ஒன்றை எடுத்துத் தட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்தால் முதலில் மிதப்பது எலி மயிர். அடியில் தங்குவது பழுப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் சின்னச் சின்னத் துண்டுகள், வெட்டுக்கிளியின் தாடைகள். வண்டின் ஓடும், ஓணான் செதிலும், வானம்பாடியின் கால் எலும்பும் சில நேரம் இருக்கும். தாடைகளைச் சோடி சேர்த்து எண்ணினால் எத்தனை வெட்டுக்கிளி உள்ளே போனது என்று கணக்கு வரும். ஓர் உருண்டையிலேயே பல சோடி. நம் பயிரைத் தின்ன இருந்தவை அவை.

அடையும் இடத்தில் எண்ணுவது எளிது என்பதால் பூனைப்பருந்தின் வரலாறு அந்த எண்ணிக்கைகளில் இருக்கிறது. குஜராத்தின் வேளாவதர் வெளிமான் பூங்காவில் ஆயிரத்துக்கும் அதிகமான பூனைப்பருந்துகள் ஒரே புல்வெளியில் அடைந்ததை 1998இல் உலக அளவில் மிக உயர்ந்த எண்ணிக்கை என்று பதிவு செய்தார்கள். ஆந்திரத்தில் த. கணேஷ் போன்றவர்கள் ஏழு குளிர்காலங்கள் தொடர்ந்து எண்ணினார்கள். அதே கணேஷும் பிரசாந்தும், பெங்களூருவின் ஏட்ரீ நிறுவனத்திலிருந்து, நாடு முழுவதும் கிடைத்த அடையுமிடக் கணக்குகளைத் திரட்டி 2018இல் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் இந்தியாவுக்கு வரும் பூனைப்பருந்துகள் குறைந்திருக்கின்றன என்பதே அதன் முடிவு. சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளிலிருந்து தயாரான 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் வேட்டைப் பறவைகளும் திறந்த வெளிப் பறவைகளும் சரிந்து வருவதைச் சொல்கிறது.

சரிவு எந்த முனையில் தொடங்குகிறது? அங்கே, 1954இல் தொடங்கிய சோவியத் கன்னிநில இயக்கத்தில் கஜகஸ்தானில் மட்டும் சுமார் 2.5 கோடி ஹெக்டேர் புல்வெளி உழப்பட்டது. தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிலம். 1991க்குப் பிறகு அதில் பெரும்பகுதி கைவிடப்பட்டு மறுபடி புல் முளைத்தது, அங்கே பறவைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இங்கே நடப்பது எதிர்த்திசையில். அரசு ஆவணத்தில் தரிசு, புறம்போக்கு என்று எழுதியிருப்பதால் அந்த நிலத்துக்கு உயிரே இல்லை என்று நினைத்துவிட்டோம். புல் முளைத்த மேட்டு நிலத்தில் மனைக்கல் நட்டால் யாரும் கேட்பதில்லை. மரம் வெட்டினால் வழக்குப் போடும் நாம், புல்லை அழித்தால் வளர்ச்சி என்கிறோம். நல்லெண்ணத்தோடு வருபவர்களும் அங்கே மரக்கன்று நட்டுவிட்டுப் போகிறார்கள். பூனைப்பருந்துக்கு மரம் வேண்டாம். அதற்கு வேண்டியது புல்லும் வெட்டவெளியும், மருந்து விழாத வெட்டுக்கிளியும்.

இரு முனைகளும் தனித்தனிக் கணக்கு அல்ல. பங்குனியில் வயிறு நிறையாமல் கிளம்பும் பறவை வழியில் தங்கித் தங்கிப் போகும், பிந்திப் போய்ச் சேரும், பிந்தி முட்டையிடும், குறைந்த குஞ்சு வளர்க்கும். ஒத்தக்கடையில் மாசி மாதம் கிடைக்காத தீனி, ஆனி மாதம் கஜகஸ்தான் கூட்டில் ஒரு குஞ்சு குறைவதாக முடியலாம்.

இந்தப் பொறுப்பை இந்தியா ஏட்டளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் வலசை வேட்டைப் பறவைகளுக்கான பன்னாட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் 2016 மார்ச்சில் கையெழுத்திட்டது. அதில் அடங்கும் 76 இனங்களில் 46 இந்தியாவில் காணப்படுபவை. கையெழுத்துக்குப் பொருள் வர வேண்டுமானால் எந்த நிலத்தை எந்த நிலத்தோடு சேர்த்துக் காக்க வேண்டும் என்ற வரைபடம் வேண்டும். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே எழுந்து நின்று, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. பாறைக்கும் சுனைக்கும் குடைவரைக்கும் பேச நம்மிடம் ஆள் இருக்கிறார்கள் என்று அது காட்டியது. மலையடிவாரத்துத் தரிசுக்கும் அப்படிப் பேச ஆள் வேண்டும்.

அந்த வரைபடத்துக்கு மதுரைக்காரர்கள் இன்றே கொடுக்கக் கூடியவை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், கண்மாய்க் கரைக்கு மட்டும் போகாமல் தரிசுக்கும் ஒரு கால் மணி நேரம் போய் நின்று பாருங்கள். பூனைப்பருந்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா, வயிறு செம்பழுப்பா என்பதையும் சேர்த்து ஈபேர்ட் இணையதளத்தில் பதியுங்கள். எதுவும் வராவிட்டால் அந்தப் பட்டியலையும் போடுங்கள். வராததும் பதிவுதான். அந்தியில் பல பருந்துகள் ஒரே புல்வெளிக்குள் இறங்குவதைக் கண்டால் கிட்டே போகாமல் எண்ணி, இடத்தை ஊரறியப் பரப்பாமல் வனத்துறையிடமோ ஆய்வாளரிடமோ சொல்லுங்கள். செத்த பறவையின் இறகை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள், அந்த இறகு ஆய்வகத்துக்குப் போகட்டும். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணைப் படம் எடுத்து, தேதியும் ஊர்ப்பெயரும் எழுதி, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.